சுத்தப் பிரதியில் விட்டுப்போன பெயர்கள்

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பி, மின்விளக்கைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன். யாங்கோனில் நான் படித்த மிஷன் பள்ளியின் பாடப்புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரர், கையில் கண்ணாடிக் குமிழோடு தனியாக உட்கார்ந்திருப்பார். அந்தக் குமிழை ஊதிக் கொடுத்தவர், உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தவர், கணக்குப் போட்டவர், இழையைக் கருக்கிக் கருக்கி விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் என்று ஒரு பட்டறை நிறைய ஆட்கள் இருந்ததை வேலைக்கு வந்து பல வருஷம் கழித்து ஏதோ பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படம் வரைந்தவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெரிய மனிதரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. உங்கள் கையில் இருக்கும் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால், ‘நமது எமர்ஜென்சி பல்பை உருவாக்கியவர்’ என்ற வரிக்கு மேல் என் புகைப்படம் இருக்கும். இரவல் வாங்கிய டை. அந்தப் படத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

பல்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கரண்டு போனதும் தன் வயிற்றில் இருக்கும் பேட்டரியில் தானாக எரிய வேண்டும், அதுதான் அதன் வேலை. சிக்கல் என்னவென்றால், நீங்கள் சுவிட்சை அணைத்தாலும் பல்புக்குக் கரண்டு வராது. ஊரில் கரண்டு போனாலும் வராது. இரண்டுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரிய வேண்டும். வீட்டில் செருகியிருக்கும் ஃபிரிட்ஜ், விசிறி இவற்றின் வழியாக ஒரு சுற்று மூடியிருக்கிறதா என்று அது தடவிப் பார்க்கும். மூடியிருந்தால், போனது ஊர்க் கரண்டுதான் என்று எடுத்துக்கொண்டு எரியும். திறந்திருந்தால், வீட்டுக்காரர்தான் அணைத்திருக்கிறார் என்று சும்மா இருக்கும்.

முதலில் வந்த பல்புகளை முதலாளி வீட்டில் மாட்டிப் பார்த்தோம். என் ஃபிளாட்டில் மாட்டிப் பார்த்தோம். ஆபீசில் மாட்டினோம். எல்லா இடத்திலும் பிரமாதமாக எரிந்தன. கடைகளுக்கு அனுப்பிய ஒரு மாதத்தில் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் லைங் தாயா கடைகளிலிருந்து கூடை கூடையாகத் திரும்பி வந்தன. கரண்டு போனால் எரியவில்லை என்று புகார். எங்கள் சோதனை மேஜையில் மாட்டினால் ஒவ்வொன்றும் எரிந்தது. ‘பழுதில்லை’ என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினேன். அவை மறுபடியும் வந்தன. வாரக் கூட்டத்தில், அந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பல்பு மாட்டத் தெரியவில்லை என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்போது ஈயம் பற்றவைக்கும் வரிசையில் ரஹ்மத் என்று ஒரு பெண் இருந்தாள். தொழிற்சாலைப் பதிவில் மா சான் என்று பர்மியப் பெயர், வீட்டில் ரஹ்மத். தமிழ் முஸ்லிம் குடும்பம், அப்பாவுக்குக் குடைக் கடை இருந்தது. தொழில்நுட்பப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்திருந்தாள். கடை மூடப்பட்டதும் படிப்பு பாதியில் நின்றது, லைங் தாயாவுக்கு வந்துவிட்டாள். எல்லோரும் பர்மியில் பேசும் இடத்தில் அவளும் நானும் மட்டும் சில சமயம் தமிழில் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம். ஒரு மதியம் அவள் என் மேஜைக்கு வந்து, குரலை இறக்கி, ஐயா என்பதை மட்டும் பர்மியில் ‘ஸயா’ என்று, மற்றதைத் தமிழில் சொன்னாள்:

“ஸயா, திரும்பி வந்த பல்பு ஒண்ண எங்க ரூமுக்குக் கொண்டுபோய்ப் பாத்தேன். எரியல. அதே பல்பு முக்குல இருக்கிற டீக்கடையில எரியுது. போன் சார்ஜர செருகி வச்சா எங்க ரூம்லயும் எரியுது. சார்ஜர எடுத்தா எரியல.”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் கேட்டது, பல்பை வெளியே கொண்டுபோக யார் அனுமதி கொடுத்தது என்று. வாசலில் பையைச் சோதிப்பார்கள். பிடிபட்டிருந்தால் அன்றே வேலை போயிருக்கும். அவள், வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பலகை அடித்துத் தடுத்த வரிசை அறைகள். ஓர் அறையில் நாலு பெண்கள், ஒரு பல்பு, ஒரு பிளக் பாயிண்ட். விசிறிகூடக் கிடையாது. கரண்டு போன மறுநிமிஷம் வீட்டுக்காரர் வந்து ஒவ்வொரு அறைக்கும் உள்ள மெயினைத் தட்டி இறக்கிக்கொண்டே போனார். திரும்பி வரும்போது கரண்டு எகிறும், ஏதாவது புகைந்துவிடும் என்ற பயம். அந்த வட்டாரத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். மெயினை இறக்கிய பிறகு அந்த அறை தனித் தீவு. உள்ளே பல்பைத் தவிர வேறு எதுவும் இல்லாததால், சுவிட்சை அணைத்துவிட்டார்கள் என்று பல்பு நினைத்துக்கொள்கிறது. ஃபிரிட்ஜ் இருக்கும் வீடுகளிலேயே சோதித்த எனக்கு, ஒரே ஒரு பல்பு மட்டும் இருக்கிற அறையைக் கற்பனை பண்ணக்கூடத் தெரியவில்லை. யாருக்காக அந்தப் பல்பைச் செய்தோமோ அவர்கள் அறைதான் அது. கூட்டத்தில் நான் அடித்த கிண்டல் ஞாபகம் வந்து, அந்த நாலு பெண்கள் முன்னால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

காரணம் தெரிந்தது, வழி தெரியவில்லை. சார்ஜரை எப்போதும் செருகி வையுங்கள் என்று சொல்ல முடியாது. நாலு பேருக்கு ஒரே சார்ஜர், ஆளுக்கு ஒரு ஷிப்டில் எடுத்துக்கொண்டு போவார்கள். போட்டாதாங்கில் படகுத்துறைக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்குப் பிளாஸ்டிக் மூடி வார்த்துக் கொடுப்பவர் இருந்தார். பர்மியர், எப்போதும் வெற்றிலை மெல்லும் வாய். எல்லோரும் அவரை அக்கோஜி, அதாவது பெரியண்ணன், என்று கூப்பிடுவார்கள். மூடியின் அளவை மாற்றினால் ஏதாவது ஆகுமா என்று கேட்க நானும் ரஹ்மத்தும் அவரிடம் போனோம். அவர் முழுக்கதையையும் கேட்டார். காலடியில் உடைந்து கிடந்த ஒரு சார்ஜரை எடுத்து, குடலை உருவிப் போட்டுவிட்டு, வெறும் கூட்டை ரஹ்மத்திடம் நீட்டினார்.

“பல்புக்குத் துணைக்கு ஆள் வேணும், அவ்வளவுதானே? இதுக்குள்ள ஒரு ஆளை உட்கார வைங்க” என்றார் பர்மியில்.

அவ்வளவுதான். இன்று நம் பல்புப் பெட்டிக்குள் இருக்கும் கட்டைவிரல் அளவுப் பிளக் அப்படிப் பிறந்ததுதான். அதைச் செருகி வைத்தால் அறையில் ஏதோ ஒரு சாமான் இருப்பதாகப் பல்பு நம்பிவிடும். லைங் தாயாவின் பிளக் பாயிண்டுகள் எல்லாம் தொளதொளவென்று இருக்கும் என்று அதன் கால்களைச் சற்று விரித்து வார்த்ததும் அவர்தான். நான் செய்தது, அது சூடேறாமல் இருக்க உள்ளே எவ்வளவு தடை வைக்க வேண்டும் என்று கணக்கிட்டது. அதையும் சின்ன வேலை என்று சொல்லமாட்டேன், தப்பாக வைத்திருந்தால் அறையே எரிந்திருக்கும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் இல்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அது சின்னதாகத்தான் ஆரம்பித்தது, பார்ப்பதற்கு ஒழுக்கம் போலக்கூட இருந்தது.

சோதனை மேஜையில் ஒரு கரட்டு நோட்டு இருக்கும். யார் எதை மாற்றினாலும் அந்த வரிக்குப் பக்கத்தில் தன் அடையாளத்தைப் போட வேண்டும் என்பது வழக்கம். ரஹ்மத் தமிழில் ‘ர’ போடுவாள். அக்கோஜி வரும்போது ஒரு வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைப்பார். வெற்றிலைச் சாறு, எண்ணெய்ப் பிசுக்கு, மூன்று பாஷை எல்லாம் அதில் இருக்கும். முதலாளி, வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட ஆங்கிலத்தில் ஒரு நல்ல பிரதி வேண்டும் என்றார். என் அப்பா குமாஸ்தா. அவருடைய அப்பாவும் குமாஸ்தா. எங்கள் வீட்டில் சுத்தப் பிரதி என்றால் அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது, ஓரத்தில் கிறுக்கல் இருக்கக்கூடாது, முழுக்க ஒரே கையெழுத்தாக இருக்க வேண்டும். அப்பா ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி அதிகமாக விழுந்தாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுவார். அந்தக் கையால்தான் நானும் எழுதினேன். ஓரத்து அடையாளங்களை அசிங்கம் என்று நினைத்து எழுதாமல் விட்டேன். அடியில், எழுதியவர் என்று என் பெயரைப் போட்டேன். எழுதியது நான்தானே?

சத்தியமாக அன்று என் மனதில் வேறு எண்ணம் இல்லை. முதலாளி அந்தப் பிரதியை வாங்கிப் படித்தார், அடியில் இருந்த பெயரைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார். “நீங்களா கண்டுபிடிச்சீங்க?” என்றார். “நாங்க எல்லாருமாத்தான்” என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொருமுறை தட்டினார். அந்த இரண்டாவது தட்டு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த தடவை யாரோ கேட்டபோது ‘நாங்க’ என்பது தேய்ந்துபோய், அதற்கடுத்த தடவை ‘நான்’ ஆகிவிட்டது. என்னை யாரும் திருத்தவில்லை. இந்த ஊரில் ‘ஆனாதெ’ என்று ஒன்று உண்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; எதிரே இருப்பவரின் முகம் வாடிவிடுமே என்று தன் தேவையைத் தானே விழுங்கிக்கொள்வது. ஸயா முகம் வாடக்கூடாது என்று அந்த வரிசையே விழுங்கிக்கொண்டது. நான் சாப்பிட்டுக் கொழுத்தேன்.

சில மாதம் கழித்து ரஹ்மத் வந்தாள். சோலார் விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். உட்கார்ந்து யோசிக்கிற வேலை, பற்றவைப்புப் புகை கிடையாது. ஆனால் டிப்ளமோ கேட்கிறார்கள், அவளிடம் இல்லை. டிப்ளமோ இல்லாவிட்டால், இதுவரை ஏதாவது வடிவமைப்பில் பங்கெடுத்ததாகப் பொறுப்பில் உள்ள ஒருவர் சொன்னால் போதும் என்றார்களாம்.

“நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தீங்கன்னா போதும் ஸயா” என்றாள். அவள் என்னிடம் தனக்காகக் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

தருகிறேன் என்றேன். லெட்டர்ஹெட் தீர்ந்துவிட்டது என்றேன். பிறகு முதலாளி ஊரில் இல்லை என்றேன். அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தால், அதில் என்ன எழுதினாலும் என் சுத்தப் பிரதி பொய்யாகிவிடும் என்பது எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அவள் தினமும் என் மேஜையைத் தாண்டிப் போவாள், கேட்கமாட்டாள்.

அந்தக் கம்பெனியிலிருந்து அவர்களே போன் செய்தார்கள். பகல் பதினொரு மணி. முதலாளி அறையில் மண்டலேயிலிருந்து வந்த மொத்த வியாபாரிகள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரைமணி நேரமாக முதலாளி என்னை அவர்களுக்கு, இந்தப் பல்பின் மூளை இவர்தான் என்று சொல்லிக் கொண்டாடிக்கொண்டிருந்தார். போனை என்னிடம் நீட்டினார்கள். எதிர்முனையில் ஒரு பெண்மணி, மரியாதையான குரல். மா சான் என்பவர் பல்பு எரியாத காரணத்தைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்கிறார், உண்மையா, அல்லது கொடுத்த வேலையைச் செய்தவரா என்று கேட்டார்.

அறையில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்:

“நல்ல பொண்ணு. சொன்ன வேலையைச் சுத்தமா செய்வா.”

ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கவனியுங்கள். அந்தப் பெண்மணி நன்றி சொல்லி வைத்துவிட்டார். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நான் உட்கார்ந்து என் டீயைக் குடித்து முடித்தேன், இனிப்பு சரியாக இருந்தது. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை.

தொழிலில் நெருக்கடி என்றால் தீப்பிடிப்பது, மெஷின் நிற்பது, லாரி வாசலில் காத்திருப்பது என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அவற்றையெல்லாம் நான் நன்றாகவே சமாளித்திருக்கிறேன். என்னைக் கவிழ்த்த நெருக்கடி மெத்தை நாற்காலியில், ஃபேன் காற்றில், புகழ்கிறவர்கள் நடுவில் வந்தது. அது நெருக்கடி என்றே அப்போது தெரியவில்லை.

அந்த இடம் டிப்ளமோ வைத்திருந்த வேறொருவருக்குப் போனது. என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பது ரஹ்மத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் என்னிடம் வந்து, “பரவால்ல ஸயா, நீங்க கடிதத்துக்கு அலைய வேணாம்” என்றாள். என்னைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கிறாளாம். தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் இருக்கைக்கு வேறு பெண் வந்தாள். எனக்குச் சம்பள உயர்வும், பிறகு ஓய்வும், பிறகு உங்கள் புத்தகத்தில் அந்தப் படமும் வந்தன.

போன மாதம், நம் பல்பு பிறந்த கதையைப் புதியவர்களுக்காக எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகம் கேட்டது. எழுத உட்கார்ந்தேன். ‘நான்’ என்று தொடங்கினேன். மூன்று நாள் அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். நாலாவது நாள் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, கேட்ட அன்றே கொடுத்திருக்க வேண்டிய கடிதத்தைப் பர்மியில் எழுதினேன். பல்பு எரியாத காரணத்தையும் அதற்கான தீர்வையும் கண்டுபிடித்தவர் மா சான், நான் உதவி மட்டுமே செய்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டு, பஸ் பிடித்து தாகேதாவுக்குப் போனேன். அங்கே ஒரு மளிகைக் கடை வாசலில் மேஜை போட்டு இன்வெர்ட்டர், விசிறி எல்லாம் ரிப்பேர் செய்கிறாள் என்று பழைய ஆட்கள் சொல்லியிருந்தார்கள்.

இருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், டீ சொன்னாள். உடம்பு எப்படி இருக்கிறது, ஸயாவின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். நான் கூனிக் குறுகிக் கடிதத்தை நீட்டினேன். மன்னிப்புக் கேட்பதற்காக பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் பாதிதான் வாயில் வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, இரண்டு முறை படித்தாள்.

“இது இப்ப எனக்கு எதுக்கும் ஆகாது ஸயா. இருந்தாலும் எழுதுனீங்களே” என்றாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள். “ஆனா பிளக்கு நான் சொன்னதில்லயே. அது அக்கோஜி சொன்னது.”

இருக்கட்டும், உனக்கு நான் செய்ததற்கு அதுகூட எழுதக்கூடாதா, உன் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன்.

“வேணாம் ஸயா. அவருது என் பேருல இருந்தா அப்புறம் நானும்…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். என் முகம் வாடக்கூடாதாம். மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன். நேர்மையாக எழுதுகிறேன் என்று எழுதிய கடிதத்திலும் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். திருடிய பொருளைக்கூட ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை எனக்கு.

அவள் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, மேஜையில் இருந்த பேனாவைக் கொடுத்தாள். “அவர் பேரையும் போட்டுருங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்” என்றாள்.

பேனாவைத் தாளில் வைத்தேன். பதினொரு வருஷம் அவர் சந்துக்கு மாதம் இருமுறை போயிருக்கிறேன். அவர் வீட்டு மொஹிங்காவைச் சாப்பிட்டிருக்கிறேன். என் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்து சமையல் பாத்திரம் தூக்கியிருக்கிறார். அக்கோஜி என்று எழுத முடியாது. இந்த ஊரில் தெருவுக்குப் பத்து அக்கோஜி. அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.

ரஹ்மத் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். உடனே முகத்தைத் திருப்பி, கழற்றி வைத்திருந்த விசிறியை இழுத்து, ஏற்கெனவே முடுக்கியிருந்த திருகை மறுபடி முடுக்கத் தொடங்கினாள். திருகிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாக, தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்கிறவளைப் போலச் சொன்னாள்: ஊ மியா தௌங்.

எழுதினேன். திருத்திய கடிதத்தை அவள் மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். அவரையும் ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும், அவருக்கும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும் என்றேன். போன மழைக்கே இறந்துவிட்டார் ஸயா என்றாள்.